முதல் சொட்டு மூத்தவனுக்கு

"மேடை ஏற இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்கு டாக்டர். இவன் என்னடான்னா கதவு நிலையில முதுகைத் தேச்சுக்கிட்டு நிக்கிறான்!"

தொலைபேசியில் அந்த அம்மாள் அழாத குறை. கால்நடை மருத்துவர் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, எதிரே நின்ற கம்பவுண்டரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நாயை நேரில் பார்க்காமலே நோயைச் சொல்வதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தை அவர் ஒருநாளும் ரகசியமாக வைத்துக்கொண்டதில்லை.

"நீங்க எழுதிக் குடுத்த தெள்ளுப்பூச்சி மருந்துதான். காலையில பிடரியில முடியை விலக்கி ஒரே ஒரு சொட்டு விட்டோம். அஞ்சே நிமிஷம், தடிச்சுப் போச்சு."

"மிச்ச மருந்து?"

"அப்படியே இருக்கு. சின்னவனுக்குப் போடலாம்னுதான் எடுத்தோம். மூத்தவன் விடுவானா? எதுவும் முதல்ல தனக்கு, அப்புறம்தான் சின்னவனுக்கு. வந்து கழுத்தை நீட்டிட்டான்."

"சிலதுக்கு அந்தக் குணம் பிறவியிலேயே உண்டு," என்று மருத்துவர் கம்பவுண்டருக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினார். "மருந்து பட்ட இடத்தை நக்கினானா?"

"நக்கறதா? அங்க எப்படி டாக்டர் எட்டும்?"

"நல்லதாப் போச்சு. கத்துறானா?"

"அது எப்பவும் உள்ளதுதான். இன்னிக்குக் கிட்ட போனாலே கடிக்க வரான். தட்டை வச்சா தள்ளி விடறான். பெரிய மனுஷங்க எல்லாம் முன் வரிசையில இருப்பாங்க. அவங்க எதிர்ல சொறிஞ்சுக்கிட்டு நின்னா, இத்தனை வருஷம் சேத்த பேரெல்லாம் போச்சு. பதக்கம் மாட்டப் போறதே அந்தக் கழுத்துலதான்!"

நாய்க் கண்காட்சி என்று மருத்துவருக்கு நொடியில் விளங்கிவிட்டது.

"பதறாதீங்க. உடனே குளிப்பாட்டுங்க."

"ரெண்டு நாளைக்குத் தண்ணி படக்கூடாதுன்னு அட்டையில போட்டிருக்கே?"

"அது மருந்து ஒத்துக்கிட்டா. ஒத்துக்கலைன்னா கழுவித்தான் ஆகணும். வெதுவெதுன்னு தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு. ரெண்டு தடவை தேச்சு அலசித் துண்டால ஒத்தி எடுங்க. வர மாட்டேன்னு அடம் பிடிச்சா ஏதாவது ஆசை காட்டுங்க."

"ரெண்டு வார்த்தை புகழ்ந்தா போதும் டாக்டர். கிணத்துலகூட குதிப்பான்."

"அப்பவும் குறையலைன்னா, வண்டியில பின் சீட்டுல ஏத்தி இங்க கூட்டிட்டு வாங்க."

"பின் சீட்டுதான். முன்னாடி உக்காந்தா கௌரவம் குறைஞ்சிடுமே!"

கம்பவுண்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நடுவுல பேசாதய்யா, கத்துக்கோ," என்று மருத்துவர் அடக்கிவிட்டார்.

அரை மணி கழித்து மறுபடி அதே குரல், இப்போது கொஞ்சம் தெளிந்து. "தடிப்பு வத்திடுச்சு டாக்டர், நீங்க நல்லா இருக்கணும். ஆனா நிமிஷத்துக்கு ஒரு தடவை சொறியப் போறான். அதை மட்டும் நிறுத்த முடியலை."

மருத்துவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "கழுத்தைச் சுத்திப் புனல் மாதிரி ஒண்ணு விக்குதும்மா. வாங்கி மாட்டிவிடுங்க. அதோடவே மேடை ஏறட்டும், தப்பில்லை."

"அதை மாட்டிக்கிட்டு மைக்ல எப்படி டாக்டர் பேசுவான்?"

சாய்ந்த நாற்காலி நிமிர்ந்தது. கம்பவுண்டர் அவசரமாகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா... அந்த மருந்தை யாருக்குப் போட்டீங்க?"

"என் பெரிய மகனுக்குத்தான். நாய்க்கு இன்னும் போடவே இல்லையே!"