ரெண்டாவது சிப்பாய்

"உங்க தாத்தாவச் சுட்டது எங்க தாத்தாங்க."

நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் சொல்லிவிட்டார் சவுரிராயன்.

"வாணாம்னு தலப்பாடா அடிச்சிக்கினேன்" என்று பக்கத்தில் முணுமுணுத்தாள் மனைவி அமலா.

ஸ்ரீபாலன் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்பவர். தியாகியின் பேரன் என்று போன வாரம் அவருக்குப் பொன்னாடை போர்த்திய படம் பேப்பரில் வந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் விக்கிரவாண்டியிலிருந்து தேடி வந்திருந்தார் சவுரிராயன்.

"நாப்பத்திரெண்டுல ஸ்டேஷனாண்ட கலாட்டா. போலீசால ஆவலன்னு வெள்ளைக்காரன் பட்டாளத்த எறக்கினான். அதுல எங்க தாத்தா சிப்பாய். 'கொடி புடிச்சவனச் சுட்டேன், விழுந்துட்டான்'னு சாவுற வரைக்கும் பொலம்பினாரு. பொழச்சாரான்னுகூட அவருக்குத் தெரியாது. பேப்பரப் பாத்துதான் எனக்கே தெரியும். அவருக்காவ நான் மன்னிப்புக் கேக்கணும்ங்க."

"ஒரு கால் போச்சு. கடைசி வரைக்கும் கக்கத்துல கட்டைதான்" என்றார் ஸ்ரீபாலன்.

சவுரிராயன் கை கூப்பினார்.

"மன்னிப்பெல்லாம் குடுக்க முடியாதுங்க."

அமலா எழுந்துவிட்டாள். "அதான் சொல்லிட்டாரு இல்ல, கெளம்புய்யா."

"உக்காருங்கம்மா. மொதல்ல சுட்டது உங்க தாத்தா இல்ல, பக்கத்துல நின்ன சிப்பாய். பாவம் பாத்து வானத்துல சுட்டுட்டான். வெள்ளைக்கார ஆபீசர் அவன் கன்னத்துல ஒண்ணு வுட்டுட்டு, அடுத்த ஆளச் சுடச் சொன்னான். அதான் உங்க தாத்தா."

சவுரிராயனுக்கு இது புதுசு.

"துப்பாக்கி நெஞ்சுக்கு நேரா வந்துச்சாம். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்களாம். சட்டுனு முனை கீழ எறங்குச்சு. குண்டு முட்டியில பாஞ்சுது."

"வேணும்னேவா?"

"பின்ன? அவரும் வானத்துல சுட்டிருந்தா மூணாவது ஆளு வந்திருப்பான். விழுந்தாத்தான் விடுவாங்கன்னு தெரிஞ்சு விழ வெச்ச மனுஷங்க அவரு! பேர் தெரியாம எங்க தாத்தா எங்கெங்கயோ தேடினாரு."

ஸ்ரீபாலன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அக்கா, அக்காவின் பிள்ளைகள், தம்பி, மகள் அனந்தமதி, அவள் இடுப்பில் ஆறு மாசக் குழந்தை. ஒவ்வொருவராக வந்து கூடம் நிறைய நின்றார்கள்.

"சுட்ட அன்னிக்கு எங்க தாத்தாவுக்கு இருபது வயசு" என்றார் ஸ்ரீபாலன். "அப்ப இன்னும் கல்யாணம் ஆவலீங்க."