கொரியாக் கொத்துக்கறி

“மாட்டுக் கொத்துக்கறியில யாராச்சும் சர்க்கரை போடுவாங்களாம்மா?”

வேலை முடிந்து பசியோடு வந்த மகன் போட்ட கூச்சல் எதிர்வீடு வரை கேட்டது. எதிர்வீட்டாரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

“கத்தாதடா. கொரியாக்காரங்க இப்படித்தான் செய்வாங்களாம். சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, பத்தே நிமிஷம். சோத்து மேல போட்டுச் சாப்பிட்டுத்தான் பாரேன்.”

“அப்பா போனப்புறம் உனக்கு நாக்கு நீண்டுபோச்சு. இந்த வயசுல புது ருசி கேக்குதாக்கும்!”

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. “மெதுவாப் பேசுடா. சமைச்சது நான் இல்ல.”

சமையலறையிலிருந்து, முட்டை பொரித்த கரண்டியோடு எட்டிப் பார்த்தார் அம்மாவோடு வேலை பார்க்கும் கணக்காளர். மனைவியை இழந்தவர்.

“சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போச்சு தம்பி” என்றவர், அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“எங்க கல்யாணத்துக்கு உங்கிட்ட சம்மதம் கேக்கத்தான்டா வந்தாரு” என்றாள் அம்மா.

ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். மகன் அசையவில்லை.

மறுவருடம் கணக்காளர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். மகனும் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஞாயிறுதோறும் போனில், “இப்படித் தனியாக் கெடக்கிறியேம்மா” என்று உருகுகிறான்.

“நீ சாப்பிட்டியா?” என்று பேச்சை மாற்றிவிடுகிறாள் அம்மா.