மூன்றாவது பீப்பாய்

“இந்த மனுஷன் வாயை மூடவே மாட்டாரா?” படிக்கட்டில் நின்றபடியே பஸ்கால் முணுமுணுத்தான்.

நிலவறைக்குள் முசியே புவ்ரே முதல் பீப்பாயில் கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சி, கோப்பையில் ஊற்றி, சுழற்றி, முகர்ந்து, வாயில் கொப்பளித்து, சரளைக் கல்லில் துப்பினார்.

ஒயின் தரகர்கள் பீப்பாயடியில் பேசுவது வழக்கமில்லை. சுவைப்பார்கள், துப்புவார்கள், போய்விடுவார்கள். போன வருஷம் இதே புவ்ரே மொத்தமாகச் சொன்னது “நல்லது, பார்க்கலாம்” மட்டும்தான்.

இன்று பிரசங்கமே நடந்தது.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று பஸ்காலின் தம்பி மனைவி சொலேனைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் தானே பதிலும் சொன்னார். “புளிப்புச் செர்ரி வாசனை. கொஞ்சம் முறைப்பா இருக்கு. இளசுதானே, முறைக்கத்தான் செய்யும். வெயில் காலம் வரைக்கும் தொடாதீங்க.”

“சரிங்க முசியே” என்றாள் சொலேன். மார்பில் துணியால் கட்டியிருந்த குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“அவ நிலவறையில அவளுக்கே பாடம்!” பஸ்கால் சிரித்தான்.

சிரிக்கக் காரணம் இருந்தது. அவன் தம்பி எமில் டிராக்டரிலிருந்து விழுந்து, திஜோன் ஆஸ்பத்திரியில் இடுப்பில் கட்டோடு கிடந்தான். அறுவடையிலிருந்து பீப்பாய்களைப் பார்த்துக்கொள்வது சொலேன்தான். இளம் ஒயினை அவளால் கணிக்க முடியவில்லை என்று தெரிந்தால், சாவி பஸ்கால் கைக்குப் போகும். போன கையோடு எல்லாவற்றையும் மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிடுவான். அதைத் தீர்மானிக்கத்தான் இன்றைக்குத் தரகர் வந்திருந்தார்.



பிரசவம் முடிந்த கையோடு வந்த காய்ச்சல் அவள் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. புளிப்பும் துவர்ப்பும் நாக்கில் தெரியும். மற்றபடி ரோஜாவும் ஒன்று, மண்ணெண்ணெயும் ஒன்று. வசந்தத்துக்குள் திரும்பிவிடும் என்றார் டாக்டர். அவள் எமிலிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டாவது பீப்பாய்.

“புது மரத்தோட வாசனை தூக்கலா இருக்கு. பயப்படாதீங்க, அடியில பழம் பத்திரமா இருக்கு. ஆனா மேல இடம் விட்டிருக்கீங்களே, காத்து பட்டா காடியாயிடும். இன்னிக்கே நிரப்பிடுங்க.”

இதுவே போதும், மாதாவே, இதோடு முடியட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

மூன்றாவது பீப்பாய்க்கு வந்தபோது பஸ்கால் பொறுமை இழந்து கீழே இறங்கிவந்தான். வந்தவன் சட்டென்று நின்றான்.

“என்ன நாத்தம் இது?”

சொலேன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்; ஒன்றும் தெரியவில்லை.

“ஏன் சொலேன், உனக்குத் தெரியலையா?”

“தெரியுது...”

“எதுலேர்ந்து வருது? சொல்லு பார்ப்போம்.”

அவள் பீப்பாய்களைப் பார்த்தாள். நான்கும் ஒரே மாதிரி நின்றன.

“வேற எதுலேர்ந்து?” புவ்ரே குறுக்கே விழுந்தார். “இந்த மூணாவதுலேர்ந்துதான். இளம் ஒயினுக்குக் காத்து பத்தலைன்னா அழுகின முட்டை வாடை அடிக்கும். வேற பீப்பாய்க்கு மாத்தினா போயிடும். நான் உள்ள வர்றப்பவே இவங்க எங்கிட்ட சொல்லிட்டாங்களே!”

சொலேன் அப்படி எதுவும் சொல்லவில்லை. அதற்குள் அவர் நான்காவது பீப்பாய்க்கு நகர்ந்திருந்தார்.

“இது ஊமை மாதிரி இருக்கு. ஒண்ணும் பேசாது. இந்த மாசம் அப்படித்தான். விட்டுடுங்க.” துப்பிவிட்டு பஸ்காலிடம் திரும்பினார். “சாவி இங்கேயே இருக்கட்டும். இந்த அம்மா பொறுப்பாத்தான் பார்க்கறாங்க. எதுக்கும் நான் வாரா வாரம் வந்து ஒரு வாய் பார்த்துட்டுப் போறேன்.”

“வாரா வாரமா? இதே மாதிரி பேசிக்கிட்டா?”

“இதை விட ஜாஸ்தியா.”

“தலையெழுத்து! நீயே அனுபவி, தாயே.” கல்யாணமே ஆகாத பஸ்கால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி வெளியே ஓடினான்.

மேலே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சொலேன் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

“மூணாவது பீப்பாயை இன்னிக்கே மாத்திடறேன், முசியே.”

“ஐயோ, அதைத் தொட்டுடாதீங்க! நாலுல அதுதான் ராணி.”

“அப்போ... அந்த நாத்தம்?”

புவ்ரே தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“முதல்ல மேல போய்க் குழந்தைக்குத் துணி மாத்துங்கம்மா. நான் படி இறங்கறதுக்கு முன்னாடியே அது வேலையை முடிச்சிடுச்சு. அது உங்களுக்குத் தெரியலைன்னதும்தான், நான் பேசவே ஆரம்பிச்சேன்.”