நதானியேல் வம்சத்தார்

ஓய்வுபெற்ற நாள்முதல் ஹெக்டருக்குப் பரம்பரை தேடும் பைத்தியம். நதானியேல், நத்தானியல், நாதன் என்று கோயில் பதிவேடுகளில் சிதறிக் கிடந்த குடும்பத்தை இணையத்தில் கூட்டிக் கட்டினார். ‘வேர்தேடி’ என்ற புனைபெயர்க்காரர் பழைய ஞானஸ்நானப் பதிவுகளை அனுப்பி, இருவருக்கும் பூட்டன் ஒருவரே என்று நிறுவினார். ஆள் கனடாவில்தான் இருக்கவேண்டும் என்று ஹெக்டர் தானாகவே முடிவுகட்டினார்.

உருகிப்போய் எழுதினார்: “அண்ணை, நீங்கள் என்ரை இரத்தம். நத்தார்ப் பண்டிகைக்குக் கட்டாயம் வீட்டுக்கு வாங்கோ. சாவகச்சேரியிலை பழைய மில்லுக்கு முன்வீடு. பக்கத்து வீட்டுக்காரனோடை மட்டும் கதையாதேங்கோ. என்ரை காணிக்குள்ளை கதியால் தடி நட்டு வேலி அடைச்சவன். பத்து வருசமாய் வழக்கு நடக்குது. உவன்ரை பரம்பரையே கள்ளப் பரம்பரை!”

வேர்தேடியிடமிருந்து பதில் வந்தது:

“கட்டாயம் வாறன், தம்பி. கேற் வழியாலை வரட்டோ, நான் நட்ட கதியாலுக்கு மேலாலை பாய்ஞ்சு வரட்டோ?”