நான்காவது சிலிண்டர்
"பிஸ்டன் டைட்டா இருந்தா இருக்கட்டும், மாட்டுடா!" என்று மெக்கானிக்கை அன்று விரட்டியவர் ஜீப் முதலாளி நோர்டன். சந்தக்பூ மலை ஏற்றத்தில் பிஸ்டன் இறுகி, ஜீப் பின்னால் உருண்டு, டிரைவரான என் அண்ணன் லாக்பா செத்தான்.

அதே எஞ்சினை இப்போது நான் கட்டுகிறேன். நான்காவது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி பார்க்கும் அளவுத் தகட்டை விட்டேன். சரியாக நகர்ந்தது.

"யாரு தாஜு ஓட்டப்போறது?" என்று பக்கத்தில் நின்ற நோர்டனை அண்ணன் முறை சொல்லிக் கேட்டேன்.

"நான்தான்."

நான் எதையும் அசைக்காமலே தகடு இறுகியது. இழுத்தேன், வரவில்லை.

"வேணாம், டிரைவர் பிக்ரமை அனுப்பறேன்."

தகடு தளர்ந்து கையோடு வந்தது.

"இடைவெளி எப்படிடா?"

"கச்சிதமா இருக்கு. ஆனா முதல் ஏத்தம் முதலாளி கையால போனாத்தான் ராசி, தாஜு."

மறுநாள் காலை அவர் ஜீப்பின் கண்ணாடியில், வழித்துணைக்கு ஆசியாகக் கட்டும் வெள்ளைக் கதாத் துணியைக் கட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஏற்றத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையை நான் வண்டியிலிருந்து இறக்கி வைத்தேன்.