இரஞ்சிதத்துக்குத் தெரியாதது

“அக்கா, இரஞ்சிதம் இண்டைக்கும் ரெண்டு பேருக்குச் சமைச்சுப்போட்டுப் படலை வாசலில நிக்கிறா” என்றான் கிருபன்.

“நிக்கட்டும்” என்றாள் சிவரூபி.

“புருசன் யானை அடிச்சுச் செத்தது ஊர் முழுக்கத் தெரியும். அவாவுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. பாவமெல்லே?”

“அவா கண்ணால கண்டாவோ?”

“இல்லை. அதுதான் நான் சொல்லிவிடப்போறன்.”

கிருபன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். கிளிநொச்சியில் அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த கணினி விளையாட்டில் இரஞ்சிதம் ஒரு கதாபாத்திரம். தான் கண்டதும் தனக்குச் சொல்லப்பட்டதும் மட்டுமே அவளுக்குத் தெரியும். ‘கணவன் இறந்துவிட்டான்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அவள் பொட்டை அழித்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள்.

சிவரூபி அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“வேண்டாம் தம்பி. ஆரோ சொல்லிச்சினம் எண்டதுக்காகப் பொட்டை அழிக்கேலாது.”

“ஏனக்கா? சொன்னா நம்புற மாதிரித்தானே அவாவைச் செய்தனாங்கள்?”

“சண்டை முடியேக்க காணாமப்போன என்ர மனுசனும் செத்திட்டார் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். ஒருத்தரும் காட்டேல்லை.”

வேலைக்குப் புதிதாக வந்திருந்த கிருபன் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். காலையில் வைத்த குங்குமம் அவள் நெற்றியில் கலையாமல் இருந்தது.