உண்ணிக் கட்டணம்

கொக்குகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை போய்வருவது எருமையின் வாடிக்கை. கட்டணம் என்றால், ஏறுகிறவர்கள் அதன் முதுகில் உள்ள உண்ணிகளைக் கொத்தித் தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பெரும்புயலில் பாதையெங்கும் மரங்கள் சாய்ந்துவிட்டன. பாதி வழிக்கு மேல் போக முடியவில்லை. எருமைக்கே கூச்சமாகிவிட்டது.

"பாதை சரியாகிற வரைக்கும் யாரும் கட்டணம் தர வேண்டாம்" என்றது.

கொக்குகள் அலகைத் திறக்காமல் சொகுசாக உட்கார்ந்து வந்தன. எருமையோ அரிப்புத் தாங்காமல், விழுந்து கிடந்த மரத்திலெல்லாம் உடம்பை உரசிக்கொண்டே நடந்தது.

பாதை திறந்த அன்று, "இனிமே பழைய கட்டணம்தான்" என்றது எருமை.

"திடுதிப்புன்னு இப்படிக் கட்டணத்தை ஏத்தினா ஏழைக் கொக்குங்க எங்கே போகும்?" என்று கத்தியது முன்னால் இருந்த கொக்கு. பசியில் அதன் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது.